நடுவில் மதில் போன கிணறு

கொக்குவிலில் ஞானாம்பிகைக்கும் தங்கை நல்லம்மாவுக்கும் சீதனமாக எழுதிய இரண்டு வீட்டு வளவுகளுக்கும் கிணறு ஒன்றுதான். பங்கு பிரித்தபோது தகப்பன் கிணற்றின் நடுவால் மதிலைக் கட்டிவிட்டார். ஆளுக்குப் பாதி வட்டம். மதில் கிணற்றுக் கட்டோடு நின்றது. அதற்குக் கீழே வெறும் வெளி. ஒரு பக்கத்தில் இருமினால் மறுபக்கத்தில் கேட்கும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டில் ஞானாம்பிகை தில்லைநாதனைக் கட்டினாள். கொழும்பு உத்தியோகம், நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வருவான். அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் இருப்பது தெரிந்த அன்று, அவனுடைய றங்குப்பெட்டியைத் தூக்கி வெளியே ஒழுங்கையில் வைத்துப் படலையைச் சாத்தினாள்.

சில வருஷம் கழித்து, காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து ஏற்றும் லொறிக்காரன் முத்துக்குமாரு அவளோடு வந்து இருந்தான். பாடிப் பாடித்தான் குளிப்பான். "கலியாண எழுத்தும் இல்லை, தாலியும் இல்லை, பாட்டு மட்டும் குறைச்சலில்லை" என்பாள் நல்லம்மா, மதிலுக்கு அப்பாலிருந்து. முதலில் பாட்டு நின்றது. பிறகு ஆளும் வராமல் விட்டான்.

நல்லம்மாவின் எண்ணம் ஊருக்கே தெரியும். ஞானாம்பிகைக்குப் பிள்ளை இல்லை. அவள் தனியே கிடந்தால் வீடு தன் மகள் கமலாவதிக்குச் சீதனமாகும். ஓர் ஆண் நிலைத்தால் ஆகாது.

எழுபத்தெட்டாம் ஆண்டில் சோமசேகரம் வந்தான். பெண்சாதி செத்தவன், ரெயில் கேற்றில் வேலை. இவனாவது தங்கவேண்டும் என்ற ஒரே பயத்தில், ஞானாம்பிகை தில்லைநாதனைப் பற்றிச் சொன்னாள், முத்துக்குமாருவை விழுங்கிவிட்டாள்.

முதல் நாள் காலை அவன் வாளியை இறக்கினான். கப்பி கத்தியது.

"புது அத்தானே? நடு அத்தானும் உந்த வாளியாலைதான் அள்ளினவர். லொறிக்கார அத்தான். அக்கா சொல்லேல்லையோ?"

"வாயைப் பொத்தடி," என்றாள் ஞானாம்பிகை, குசினி வாசலில் நின்று.

"நான் வாயைப் பொத்திறன். நீ முதல் படலையைப் பூட்டு."

சோமசேகரம் முகத்தைக் கழுவினான், சேட்டை மாட்டிக்கொண்டான், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அவனுக்கு ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. மதிலுக்கு அப்பால் நல்லம்மா மகளிடம் உரத்துச் சொன்னாள்: "பிள்ளை, உன்ரை வீட்டு முத்தத்தை உவள் இன்னும் கூட்டேல்லை, பார்."

பொழுது சாயச் சைக்கிள் திரும்பி வந்தது. பின்னால் ஒரு பை சீமெந்து.

"லொறிக்காரனை எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் வந்திருப்பியளோ?"

யோசித்தான். "இல்லை."

"பிறகென்ன கேள்வி. சீமெந்து என்னத்துக்கு?"

"கிணத்துக்குள்ளை மதிலைக் கீழுக்கு இறக்கி அடைப்பம். அவவின்ரை சத்தம் வராது."

"மாட்டுக்கொட்டிலுக்குத் தரை போடுங்கோ. கிணறு அப்பிடியே கிடக்கட்டும்."

"நாளைக்கும் கத்துவா."

"கத்தட்டும். நீங்கள் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை அதிலைதான் குளிக்கவேணும். சாகுமட்டும் அவள் அதைக் கேக்கவேணும்." கிணற்றுப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "பாட்டு வருமோ உங்களுக்கு?"

"தேவாரம் கொஞ்சம் வரும்."

"அது காணும். உரத்துப் பாடுங்கோ."