பன்னிரண்டாவது நாற்காலி

கோமளத்தின் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போனதில்லை. கம்பி போன குடை, கைப்பிடி இல்லாத குக்கர், என்றைக்கோ நின்றுபோன கடிகாரம் எல்லாம் மயிலாப்பூர் சித்திரைக்குளத்துப் பக்கத்து வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. அடையாறு அலுவலகத்திலோ அவளுக்குப் பெயர் ‘கண்டம் மாமி’. அரசாங்கச் சாமான் சும்மா சாகாது. இனித் தேறாது என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதி, மூன்று பேர் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாகும். பத்தொன்பது வருஷமாக அந்த ஒருவர் கோமளம்.

அதிலும் அவளுக்கு ஒரு தர்மம் உண்டு. பழுதானதற்கு ‘அன்சர்வீசபிள்’. செலவழித்தாலும் பிரயோஜனமில்லாததற்கு ‘பியாண்ட் எகனாமிக்கல் ரிப்பேர்’. இரண்டையும் மாற்றி எழுதியவர்களை அவள் மன்னித்ததே இல்லை. எழுதி முடித்ததும் சாமானின் மேல் ‘கண்டெம்ட்’, அதாவது கழித்துக்கட்டியது என்று சிவப்புப் பெயின்டில், கொட்டை இங்கிலீஷ் எழுத்தில் தானே தீட்டுவாள்.

தொண்ணூற்று மூன்றில் வந்த புது அதிகாரி பன்னிரண்டு இரும்பு நாற்காலி கேட்டார். பழசு பன்னிரண்டு கண்டமானால்தான் புதுசு பன்னிரண்டு வரும். கட்டடம் முழுக்கத் தேடியும் உடைந்தவை பதினொன்றுதான்.

“ஒண்ணுதானே மேடம், எதையாவது சேருங்க” என்றார் அதிகாரி.

மாடிப்படியை ஒட்டிய ரெக்கார்டு அறையில் பவுல்சாமியின் மர நாற்காலி இருந்தது. பவுல்சாமி அட்டெண்டர், சாந்தோம்காரர். பிரம்பு அறுந்தபோதெல்லாம் பட்டினப்பாக்கத்தில் வலை பின்னும் நைலான் கயிற்றை வாங்கி வந்து தானே பின்னிக்கொண்டவர். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கோமளம் அதில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு முனகல் இல்லை. அவளுடைய நாற்காலியைவிடச் சுகமாகவே இருந்தது. எழுந்து, ‘பியாண்ட் எகனாமிக்கல் ரிப்பேர்’ என்று எழுதினாள். பின்பக்கம் பூராவும் கயிற்று முடிச்சு. அதனால் முன்பக்கம், முதுகு சாயும் மேல்பலகையில் பெயின்டைத் தீட்டினாள்.

சாப்பிட்டு வந்த பவுல்சாமி, காயாத பெயின்டைக் கவனிக்காமல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு ஃபைல் கொடுத்துவிட்டு அவர் திரும்பியபோது, வெள்ளைச் சட்டையின் முதுகில் அத்தனை எழுத்தும் இடவலம் மாறிச் சிவப்பாக. கூப்பிட்டுச் சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால், ஏன் தீட்டினாய் என்று கேட்பார். கோமளம் குனிந்து பேனாவுக்கு மை போட்டாள். அவர் அப்படியே போய் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை சட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“இன்னா மேடம் இது? எம் பொண்ணு ஜொவிட்டா கண்ணாடில காட்டிப் படிச்சுது. ஞானோபதேச வகுப்புல சொன்ன வார்த்தையாம். நரகத்துக்குன்னு தீர்ப்பானவன், அவனுக்கு மீட்பே கிடையாதாம். ராவெல்லாம் அழுதுகினு கீது.”

“ஐயோ, உங்களுக்கில்லே பவுல்சாமி, நாற்காலிக்கு!”

“நாற்காலி இன்னா பாவம் பண்ணிச்சு?”

இங்கிலீஷில் அத்தனை வார்த்தை வைத்திருந்தவளுக்குத் தமிழில் வந்தது ஒரு பொய்தான்.

“அதுல உக்காரப்படாதுன்னு அர்த்தம். காலெல்லாம் உளுத்துப்போயிடுத்து. விழுந்து இடுப்பை ஒடிச்சுண்டேள்னா யார் பதில் சொல்றது?”

“உக்காரக் கூடாதா! அதான் பஸ்ல ஒருத்தனும் எடம் குடுக்கலியா!” பவுல்சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கை கூப்பினார். “எனக்குத் தெரியவே இல்ல மேடம். நல்லவேள, நீங்க பாத்தீங்க.”

தவறுதலாக எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் நாற்காலி பிழைக்கும். ஆனால் அது தவறுதல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். காகிதத்தை மூன்று தரம் எடுத்தாள், மூன்று தரமும் வைத்தாள். வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பன்னிரண்டாவதை ஏற்றிய ஆள் அதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

சட்டையைத் தானே வாங்கிப் போய் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கசக்கினாள். போகவில்லை. புதுசு வாங்கிக் கொடுத்தாள். பழசு பரணுக்குப் போனது.

இரும்பு நாற்காலி பவுல்சாமிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “மாமி மட்டும் பாக்கலேன்னா என் இடுப்பு அன்னிக்கே போயிருக்கும்” என்பார். காலையில் அவள் தலை தெரிந்தால் போதும், இடுப்பைப் பிடித்தபடி எழுந்து நின்று வணக்கம் வைப்பார்.

அவர் ரிடையராகும்வரை, நாலு வருஷம், கோமளம் கான்டீன் பக்கத்துப் படிக்கட்டு வழியாகத்தான் மாடிக்குப் போனாள்.