நான் அறுக்கச் சொன்ன கொம்புகள்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் உயிலங்குளம் என்ற ஊரில் எங்களிடம் ஆறு மாடுகள் நின்றன. அவற்றில் மூத்த சிவலைப் பசு, கன்று போட்ட நாலாம் நாள் என் கணவரின் தொடையைக் கிழித்துவிட்டது. நான் ஓடிப்போனபோது அவர் பட்டிக்குள் கிடந்தார். பசு பக்கத்தில் நின்று கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் படுக்கையில் கிடந்ததால் பால் கறப்பது என் வேலையாயிற்று. அந்தப் பசுவுக்குக் கிட்டப் போகவே பயமாயிருந்தது. ஊருக்கு வந்த அரசாங்க மாட்டு வைத்தியரிடம் இதைச் சொன்னேன். கொம்பை அறுத்துவிட்டால் பயமில்லை என்றார். கணவரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் காய்ச்சலில் உறங்கிக்கொண்டிருந்தார். அறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நாலு பேர் கயிறு போட்டுப் பசுவை விழுத்தினார்கள். கொம்பும் நகம் மாதிரித்தான், நோகாது என்று நினைத்திருந்தேன். அறுக்கும் வாள் பாதி இறங்க முன்னமே இரத்தம் பீறிட்டு வைத்தியரின் சட்டையில் அடித்தது. பசு கதறியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுத் தார் பூசினார்கள்.

சத்தம் கேட்டுக் கணவர் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று சோறு தின்னவில்லை. தன்னைக் குத்திய மாட்டுக்காக ஒரு மனிதர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

பசுவின் போக்கும் எனக்குப் பிடிபடவில்லை. குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிற மாடு, இப்போது கடைசியில் போனது. நேற்றுப் பிறந்த நாம்பன் கன்றுகள்கூட அதை இடித்துத் தள்ளின. ஆனால் நான் கறக்கக் குந்தினால் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். அது பாசமா, பயமா?

கணவர் தடியூன்றி நடக்கத் தொடங்கிய பிறகுதான் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்குப் பட்டிக்குள்ளை என்ன நடந்தது?"

"கண்டுக்குட்டி காலுக்குள்ளை வந்திட்டுது. நான் தடக்கி அதுக்கு மேலை விழப் பாத்தன். தாய் தலையாலை தள்ளினது. குத்த வேணுமெண்டு குத்தேல்லை."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

கேட்கவில்லைத்தான். கேட்டிருந்தாலும் பயம் போயிருக்குமா என்று தெரியவில்லை. அந்தப் பசு பிறகு ஒருவரையும் காயப்படுத்தவில்லை. வைத்தியர் சொன்னது பொய்யில்லை. அடுத்த கன்றுக்குக் கொம்பு முளைக்கத் தொடங்கியபோது, குருத்திலேயே சுட்டுவிடுவோமா என்று கணவரே என்னிடம் கேட்டார். அவர் தொடைக் காயமும் பசுவின் கதறலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.