காளியம்மா போட்ட கோடு

ராமசாமியின் மகன்கள் இருவரைக் கட்டிக்கொண்டு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் காளியம்மாவும் ரஞ்சிதமும். மூத்தவள் காளியம்மா. ஒரே லயத்து வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். இருபது வருஷமாகக் கொழுந்து நிறுக்கும்போது காளியம்மாவின் மூட்டை இரண்டு கிலோவாவது கூட நிற்கும். ரஞ்சிதத்துக்கு வயிறு எரியும். 'எடை கூடத் தண்ணி தெளிக்கிறா, வேறென்ன' என்று நினைத்துக்கொண்டால்தான் சோறு இறங்கும்.

போதாததற்குக் காளியம்மாவின் மகள் அன்பரசி பல்கலைக்கழகம் போனாள். ரஞ்சிதத்தின் மகன் தினேஸ்வரன் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான்.

லீவில் வந்த அன்பரசி, எத்தனை மாணவர்கள் பரீட்சையில் காப்பியடிக்கிறார்கள் என்று அளக்கப் போவதாகச் சொன்னாள்.

"எவன்டி ஒத்துக்குவான்?" என்று சிரித்தாள் ரஞ்சிதம்.

"அதுக்குத்தான் சித்தி காசு. யாருக்கும் காட்டாம சுண்டணும். நம்பர் விழுந்தா, செஞ்சாலும் செய்யாட்டியும் வட்டம் போடணும். மறுபக்கம் விழுந்தா உண்மையைச் சொல்லணும். செஞ்சிருந்தா வட்டம், இல்லன்னா கோடு. எந்த வட்டம் யாரோடதுன்னு எனக்கே தெரியாதுலா. மொத்தத்துல எத்தனை பேருன்னுதான் தெரியும்."

"அப்ப எங்களையும் அளந்து பாரேன். மூட்டையில தண்ணி தெளிச்சதுண்டான்னு கேளு!"

சொல்லும்போதே ரஞ்சிதத்தின் கண் காளியம்மா மேல்தான்.

நிறுவைக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகத் திரும்பிக் காசைச் சுண்டினார்கள். ரஞ்சிதத்துக்கு மறுபக்கம் விழுந்தது. அன்பரசிக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்று, தன் மூட்டையை ஓடையில் முக்கி எடுத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் காளியம்மாவைத் தாண்ட முடியவில்லை. வட்டம் போட்டு, மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டாள்.

ஒன்பது வட்டம், மூன்று கோடு.

"பன்னண்டு பேர்ல பாதிப் பேருக்கு நம்பர் விழுந்திருக்கும்; ஆறு வட்டம் காசு போட வச்சதுன்னு வச்சுக்கலாம். மீதி ஆறு பேர்ல மூணு பேரு நிஜமாவே வட்டம். தோராயமா பாதிப் பேரு தெளிச்சிருக்கீங்க" என்றாள் அன்பரசி.

"அந்தப் பாதியில அக்காவும் உண்டோ?" என்று கேட்டே விட்டாள் ரஞ்சிதம்.

"எனக்கு நம்பர்தான்டி விழுந்துச்சு. செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிப் போடுறது? கோடுதான் போட்டேன்."

"அம்மா! கணக்கையே கெடுத்துட்டீங்களே!" அன்பரசி தலையில் கை வைத்தாள். கொட்டகையே சிரித்தது.

ரஞ்சிதம் சிரிக்கவில்லை. காசே பொய் சொல்லச் சொல்லியும் சொல்லாதவள். அப்படியானால் அந்த இரண்டு கிலோவும் கையால் பறித்ததுதான்.

மறுநாள் காளியம்மாவுக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கி, அவள் கையையே பார்த்துப் பார்த்துப் பறித்தாள். சாயங்காலம் எடை எழுதும் கிராணி நாகப்பன் எடையைச் சொன்னார். காளியம்மாவுக்கு அதே இரண்டு கிலோ கூட.

"என்னடி, முகம் இப்படிச் சுண்டிப் போச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.