கரடியின் தம்பி

பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்ததும், பழைய பசையும் ஈரம் குடித்த அட்டையும் கலந்த வாசனை குப்பென்று எழுந்தது. என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். சிவப்புத் தொப்பிக் கரடி ஒன்று படகில் ஊர் ஊராகப் போகும், ஒரு நரி அதைத் துரத்தும், எல்லோரும் இந்தியில் பேசுவார்கள். எங்கள் சந்தில் யாருக்கும் இந்தி தெரியாது. அப்பா மலைக்கோட்டை ஜவுளிக் கடைக்குக் கிளம்பிப் போனதும் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கரடியின் வாயசைவுக்கு ஏற்றபடி தமிழில் கதை சொல்வாள். "தம்பியத் தேடிப் போறாண்டி கரடி. நரிக்கு வேற வேலையில்ல, போற எடத்துக்கெல்லாம் வம்புக்கு வருது" என்பாள். எந்தக் கரையில் இறங்கினாலும் கரடி முதலில் "எந்தம்பியப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்கும், அதற்கென்று அம்மா குரலைத் தணித்துக்கொள்வாள். திரையில் ஓடுவது கொள்ளிடம் என்றே நான் நம்பினேன். அம்மாவின் தம்பி வடக்கே வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். அவரைத்தான் அவள் அந்தப் படகில் ஏறித் தேடுகிறாள் என்பது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

காலாண்டு லீவில் மன்னார்புரத்திலிருந்து வந்த பெரியப்பா மகன் ரமேஷ், அதே கார்ட்டூனின் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தான். பெரியப்பா சிங்கப்பூரில் வாங்கியது. வழவழப்பான அட்டை, பகடை, காய்கள், கட்டுக்கட்டாகச் சீட்டுகள். அம்மாவும் ஆசையாக உட்கார்ந்து, யாரும் கேட்கும் முன்பே கரடிக் காயைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். ரமேஷ் இங்கிலீஷ் மீடியம். ஒரு சீட்டை எடுத்துப் படித்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சித்தி, கரடி திருடன்! அரண்மனை நகையத் திருடிட்டு ஓடுது. நரிதான் போலீஸ். தம்பியெல்லாம் கிடையவே கிடையாது."

நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "அம்மா சொன்னதெல்லாம் புளுகு!" என்று கைகொட்டினேன், இங்கிலீஷ் தெரிந்தவன் பக்கம் நிற்பது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அம்மாவும் சிரித்தாள். "எனக்கென்னடி தெரியும், பாஷையா தெரியும்" என்று காயை அட்டையில் வைத்துவிட்டு, சோறு வடிக்கணும் என்று எழுந்து போனாள்.

லீவு முடிந்ததும் ரமேஷ் பெட்டியை எனக்கே விட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூப்பிட்டேன். "நீ பாருடி" என்றாள் அடுப்படியிலிருந்தே. அதற்கடுத்த வாரமும் அதே பதில்தான். கரடி வாயை அசைத்துக்கொண்டே இருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா கடைசிவரை திரும்பவில்லை. அவர் வராததற்கு நான் காரணமில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அம்மா அவரைத் தேடிப் போன ஒரே வழியை அடைத்தவள் நான்தான். இந்த வயதிலும் அது உறுத்துகிறது.

சந்து வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். கார்ட்டூன்களெல்லாம் இப்போது தமிழிலேயே பேசுகின்றன, பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கதை சொல்ல வேண்டியதில்லை. மகன் அட்டையை விரித்து, தொப்பி வெளுத்துப்போன அந்தக் காயைத் தூக்கிக் காட்டினான்.

"இது யாரு அம்மாச்சி?"

தம்பியைத் தேடிப் போகிறான் என்று ஒரே ஒரு முறை அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அவள் காயை வாங்கி, கட்டைவிரலால் தொப்பியைத் துடைத்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"திருடன் கண்ணு. சீட்டுல போட்டிருக்கு, உங்கம்மாவக் கேளு."