அப்புறத்துச் சத்தம்

கடைசிப் பலகையைத் திருகி முடித்தபோது எங்கள் கூடத்தில் உண்டான அமைதி இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. மெஷினை நிறுத்தியதால் வந்த அமைதி என்றுதான் முதலில் நினைத்தேன். வேலைக்கு வந்தவர்கள் காட்டாக்கடைக்கு வண்டியேறிப் போன பிறகும் அது அப்படியே நின்றது. அம்மா கூடத்தின் நடுவே நின்று புதிய வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

எங்களுடையது பாறசாலைக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது வீட்டை நெடுகப் பாதியாக்கி, நடுச்சுவரில் இருந்த வாசலைக் கல்வைத்து அடைத்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் இறந்துபோன பிறகு இந்தப் பாதியில் அம்மாவும் நானும், அந்தப் பாதியில் பெரியம்மா தனியாக. அவளுடைய பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வதில்லை. எதற்காக என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகத் தெரியாது. அப்பாவின் அடக்கத்துக்குப் பெரியம்மா வரவில்லை என்பாள் அம்மா. தான் வந்ததாகவும் அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் பெரியம்மா சபையில் சொன்னதாகக் கேள்வி. நானும் அன்று அங்கேதான் இருந்தேன். முற்றத்துப் பலாமரத்தடியில் பெரியம்மா குடைபிடித்து நின்றது கண்ணில் நிற்கிறது. ஆனால் அன்று மழை பெய்ததா என்று யோசித்தால், பெய்யவில்லை என்றே படுகிறது. வேறொரு நாளை அந்த நாளோடு சேர்த்துவிட்டேனோ என்னவோ.

அந்த நடுச்சுவர் மண்சுவர். மழைக்காலத்தில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து கட்டிலில் விழும். அம்மாவுக்கு இழுப்பு வேறு. சுவரைத் தொடாமல் அதற்கு முன்னால் இரும்புச் சட்டம் நிறுத்தி ஜிப்சம் பலகை அடித்துவிடலாம் என்று நெய்யாற்றின்கரையில் என்னோடு வேலைபார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சுலபமாகப் பட்டது. அளவெடுக்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "அம்மச்சி, இடையில பஞ்சு வச்சு, மேல சீலிங்கும் அடிச்சா அப்புறத்துச் சத்தம் ஒண்ணும் கேக்காது, கேட்டோ."

எங்கள் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துக் கரண்டிச் சத்தம்வரை இங்கே வந்து விழும். அம்மா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "வையுங்க. நல்லா அடச்சு வையுங்க. அவளுக்க செருமலக் கேட்டுக் கேட்டு எனக்கு மதியாச்சு, போதும்" என்றாள்.

பலகை அடித்து முடித்த அன்று சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அம்மா பாட்டெடுத்தாள், இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். மறுபடி தொடங்கினாள், குரல் மேலே போய்விட்டது. இன்னொரு முறை தொடங்கினாள், அடியில் போய்விட்டது. ஆயுசு முழுக்கப் பாடிய பாட்டு. வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழிதெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவளைப்போல என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் பெரியம்மாவும் பாடுவாள். இத்தனை காலமும் அம்மா அவளுடைய சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் எதுவும் நேரப்படி நடக்கவில்லை. உலையில் அரிசி போட மறந்தாள். பகலில் படுத்தாள். பலகையில் காதைவைத்துக்கொண்டு நின்றதை இரண்டொரு முறை பார்த்தேன். என்னைக் கண்டதும் தூசி துடைப்பவளைப்போலக் கையை ஓட்டினாள். "அப்புறத்த லைட்டு எரியுதாண்ணு பாத்துட்டு வா மக்கா" என்று என்னை முற்றத்துக்கு அனுப்புவாள். எரிகிறது என்று வந்து சொன்னால், "எரிஞ்சா எரியட்டு, எனக்கென்ன" என்பாள். எனக்குக் கோபம் வந்தது. பலகையைக் கழற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கழத்தண்டாம். நான் அப்பிடிச் சொன்னேனா?" என்றாள். அவளுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஆராதனைக்கு வரவில்லை. அம்மா பிரசங்கம் முடியும்வரை அவளுடைய பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், எங்கள் படியில் கால்வைக்காமல் நேராக அந்தப் பக்கத்து வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. பெரியம்மா கட்டிலில், அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டி, நீ போவல்லியா?" என்றாள்.

"நான் எங்க போவ?"

"இடியும் தட்டுமாட்டுக் கேட்டு. பெறவு ஒரு அனக்கமும் இல்ல. எல்லாம் கெட்டிப் பெறக்கிக்கிட்டு மவளுக்ககூட டவுணுக்குப் போயிட்டேண்ணுல்லா நெனச்சேன். எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம..."

"சொல்லுகதுக்கு நாம பேசுகது உண்டா?" என்றாள் அம்மா.

இருவருமே சிரிக்கவில்லை. பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். அம்மா நின்றுகொண்டே அந்த அடக்க நாளை எடுத்தாள். நான் வந்தேன் என்றாள் பெரியம்மா. வரவில்லை என்றாள் அம்மா. சாட்சிக்கு இரண்டுபேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் குடைதான் ஞாபகம் வந்தது. "நீ வீட்டுக்குப் போ" என்று அம்மா என்னைத் துரத்தினாள்.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். பேசித் தீர்த்தாயிற்றா என்று கேட்டேன்.

"என்னத்தத் தீக்க? அவ வந்தேண்ணுதான் சொல்லுகா. நான் வரல்லண்ணுதான் சொல்லுகேன்" என்றபடி அலமாரியில் எதையோ தேடினாள். "அவளுக்க தலையெல்லாம் சடபிடிச்சுக் கெடக்கு. தோளு வலிச்சு, கை பின்னால எட்டாதாம். இத்தன நாளா எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா, பாரு!"

அவளுக்கு உண்மையாகவே கோபம். பேச்சே இல்லாதபோது எப்படிச் சொல்லியிருப்பாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சீப்பையும் எண்ணெய்க்குப்பியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.