நல்லா இருக்கேன் என்ற நானூற்றுப் பன்னிரண்டு பேர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஹலோ அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் ஹலோ சொல்லிக் கேட்டால், சண்டை போடக் கூப்பிட்டவன்கூட எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்து, நன்றி சொல்லி வைத்துவிடுவான். என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. மரியாதைக்குக் கணக்குப் பார்ப்பார்களா என்ன?

நான் ரெக்கார்டு ரூம் ஆள். என் குரலைப் பற்றி என் மனைவியிடம் கேட்காதீர்கள்.

ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது பேச ஆரம்பித்ததும் ஹலோ அக்காவுக்கு நாற்காலி போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அறுவை சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஒல்லியான, இளவயதுப் பெண். எப்போதும் பஸ் கிளம்பிவிடும் என்பதுபோல நடப்பார். போனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அக்காவின் மேஜை என் ரெக்கார்டு ரூமில், என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தது.

ஆராய்ச்சி இதுதான். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால், தோலுக்கு அடியில் இருக்கும் சுவரைத் தைத்து மூட வேண்டும். எட்ட எட்டக் குத்திச் சீக்கிரமாக முடிப்பது ஒரு வகை. நெருக்க நெருக்கச் சின்னச் சின்னதாகத் தைப்பது இன்னொரு வகை, அதற்கு நேரம் கூடுதலாகும். தையல் சரியாகப் பிடிக்காவிட்டால் சில மாதங்கள் கழித்து அந்த இடம் தளர்ந்து, குடல் முன்னால் தள்ளி, வயிறு புடைத்துக்கொள்ளும். எந்தத் தையலில் அது குறைவு? யாருக்கு எந்தத் தையல் என்பதை ஆபரேஷன் தியேட்டரில், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். போன் செய்கிற அக்காவுக்கும் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு ஏன் சொல்லக் கூடாது?" என்று முதல் நாளே அக்கா கேட்டார்.

"தெரிஞ்சா நீங்க கேக்கற விதம் மாறிடும். பதிலும் மாறிடும்" என்றார் டாக்டரம்மா.

அன்று முழுவதும் அக்கா அதையே அசை போட்டுக்கொண்டிருந்தார். எதையும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் பதில் வரும்வரை என் டீ ஆறிப்போகும்.

முப்பதாம் நாள், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று ஒவ்வொருவருக்கும் மூன்று போன். படிவத்தில் பத்துக் கேள்விகள். அக்கா முதலில் எப்படி இருக்கீங்க என்று கேட்பார். பேரப்பிள்ளை, தூக்கம், பசி எல்லாம் விசாரித்துவிட்டுப் பிறகு படிவத்துக்கு வருவார். ஒரு தையல்காரர் இருந்தார், சட்டை தைப்பவர், மனைவியை இழந்தவர். அவர் குரல் எனக்கே கேட்கும்.

"நாப்பது வருஷமா ஊரு முழுக்கத் தைக்கிறேன். எனக்கே தெரியாம என் வயித்துல ஒரு தையலாம்மா? நெருக்கித் தச்சாங்களா, எட்டத் தச்சாங்களா, அதையாவது சொல்லு."

"எனக்கே தெரியாதுப்பா" என்று அக்கா சிரிப்பார்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மாதம் முடிந்தது. அதில் வயிறு புடைத்தவர்கள் மூன்றே பேர்! மற்ற இடங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் வருகிறதாம். இரண்டு வகைத் தையலுமே எங்கள் கையில் பிரமாதம் என்று ஆயிற்று. அடுத்த மாதம் பெரிய மாநாட்டில் டாக்டரம்மா இதை வாசிக்கப்போகிறார். பெரிய டாக்டர் ரெக்கார்டு ரூமுக்கே வந்து அக்காவைப் பாராட்டினார். அந்த அறைக்குள் அவர் காலடி பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஏழு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். அக்காவின் இரண்டு மகள்களும் வீட்டில் அமைதியைக் கொண்டாடினார்கள் என்று கேள்வி. "தேனெல்லாம் போனுக்கு, திட்டெல்லாம் எங்களுக்கு" என்று பெரியவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள். போன் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு விசாரிப்பெல்லாம் வராது. படிவத்தில் இருப்பதைப் படித்தேன். "வயிறு எங்கயாவது புடைச்சிருக்கா? ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." ஒருவர் பயந்துபோய், போலீஸா என்று கேட்டார். அந்த நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களில் இருபத்துமூன்று பேரிடம் பேசினேன். நான்கு பேர் புடைத்திருக்கிறது என்றார்கள். ஏழு பேர் புண்ணில் நீர் வடிந்தது என்றார்கள். ஓர் அம்மாள் பத்தாவது கேள்விக்குள் என்னையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

அக்கா திரும்பி வந்து என் படிவங்களைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் மூன்று, ஒரே வாரத்தில் நான்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க மிரட்டினீங்களா அண்ணா?"

"மிரட்டினா புடைச்சுக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. என் படிவங்களை இடப்பக்கமும் தன்னுடையதை வலப்பக்கமும் பரப்பிக்கொண்டு மத்தியானம் வரை நின்றார். அந்த வாரம் எந்த டாக்டர் தைத்த ஆட்களுக்குப் பேசினேன், எந்த வயதுக்காரர்கள் என்று குடைந்தார். எதிலும் வித்தியாசம் இல்லை. கடைசியில், "நீங்க முதல்ல என்ன கேட்டீங்க?" என்றார்.

"முதல் கேள்விய."

"எப்படி இருக்கீங்கன்னு கேக்கலையா?"

"அது படிவத்துல இல்லையேக்கா."

அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். இல்லைதான். இரண்டு வருடமாக அவராகச் சேர்த்த கேள்வி அது. எப்படி இருக்கீங்க என்று நம் ஆட்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? உயிர் ஊசலாடினாலும் நல்லா இருக்கேன் என்றுதான் வரும். அப்படி ஒரு முறை சொன்ன பிறகு, அடுத்த நிமிடமே வயிறு தள்ளுகிறது என்று எந்த முகத்தோடு சொல்வார்கள்?

ஆனால் அக்கா உடனே நம்பிவிடவில்லை. அன்று சாயங்காலம் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் தன் கணவரிடம் பரீட்சை வைத்தார். முழங்கால் எப்படி இருக்கு என்று தேனாகக் கேட்டாராம். நல்லா இருக்கு என்றாராம் அவர். மறுநாள், "மாடிப்படியில ஏன் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே ஏறுறீங்க?" என்று அதட்டினாராம். "வலிக்குது, வேற எதுக்கு?" என்று மனிதர் எரிந்து விழுந்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அக்காவின் முகம் சரியில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சின்ன மகளின் பாவாடையை நீளமாக்கும் சாக்கில் தையல்காரர் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அக்காவின் வலப்பக்கத்துப் படிவங்களில் அவருடையதும் ஒன்று. பன்னிரண்டாம் மாதம், புடைப்பு இல்லை. கடையில் அவர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது சட்டைக்கு மேலே வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை தெரிந்தது. தடித்த துணியை நாலு மடிப்பாக மடித்து, நெருக்கித் தைத்து, கொக்கி வைத்து, அழகாகச் செய்திருந்தார்.

"இது என்னப்பா?" என்றார் அக்கா.

குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது அவருக்கு. அப்படி ஒரு சந்தோஷம்! எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா?"

"ஏழு எட்டு மாசம் இருக்கும். இருமினா வெளிய வரும். கட்டிக்கிட்டா ஒண்ணும் தெரியாதும்மா."

"ரெண்டு தடவை கேட்டேனே. இல்லைன்னு சொன்னீங்களே."

அவர் நூலின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவ போனதுக்கப்புறம் சாப்டியா தூங்கினியான்னு கேக்க எனக்கு யாரும்மா இருக்காங்க? நீதான் கேட்டே. உன்கிட்டப் போய் குறை சொல்றதா? உனக்குக் கெட்ட பேர் வந்துட்டா என்ன பண்றது?"

பாவாடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது நான்தான் குறுக்குப்புத்தியோடு சொன்னேன். ஒருவரை மட்டும் திருத்தி எழுதிவிடலாம், மாநாடு முடியட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று. இந்த வேலையும் போனால் அக்காவுக்கு உட்கார நாற்காலி ஏது? அக்கா நடையை எட்டிப் போட்டார்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா மாநாட்டுத் தாளில் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் சேர்த்த கேள்வி, என் வாரம், முழங்கால், பட்டை, எல்லாம். எதையும் பூசி மெழுகவில்லை. டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பாங்க?"

"அதுதான் தெரியல டாக்டர். நான் கேட்ட எல்லாருமே நல்லா இருக்காங்க. அதான் பயமா இருக்கு."

டாக்டரம்மா தாளில் அந்த மூன்று என்ற எண்ணைக் குறுக்கே அடித்தார். திட்டுவார் என்று நான் கதவோரம் தயாராக நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவை உட்காரச் சொன்னார்.

"எல்லாரையும் வரவழைச்சுக் கையால தொட்டுப் பார்க்கணும். நானூத்திச் சொச்சம் பேர். யார்கிட்டருந்து ஆரம்பிக்கறது?"

அக்கா கைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"ரொம்ப ரொம்ப நல்லா இருக்கேன்னு சொன்னவங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம் டாக்டர்."

அடுத்த வாரம் முதல் பத்துப் பேர் வந்தார்கள். டாக்டரம்மா படுக்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்தார். நான்கு பேருக்குப் புடைத்திருந்தது. அந்த நான்கு பேரும் உள்ளே நுழையும்போது, படிவத்தோடு நின்ற அக்காவின் குரலைக் கேட்டு முகம் மலர்ந்து, அவர் கேட்பதற்கு முன்பே, "நல்லா இருக்கேம்மா" என்றார்கள்.