ஸயா பக்கத்தில் இருக்கும்போது

ரங்கூனில் ஒரு ஸ்பேனர் கேட்டால்கூட அர்ச்சனைத் தட்டு மாதிரிதான் கொடுப்பார்கள். வலக்கையில் பொருள் இருக்கும், இடக்கை வலது முழங்கையைத் தொட்டிருக்கும். கடைக்காரர் சில்லறை தருவதும் அப்படித்தான், நர்ஸ் ஃபிலிம் நீட்டுவதும் அப்படித்தான். ஸ்கேன் இயந்திரத்தின் அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் தூசி விழ, "சீக்கிரம் கொடுங்கண்ணே" என்று நான் கத்தினாலும், தங்கவேல் அண்ணன் நிதானமாகக் குனிந்து, முழங்கையைத் தொட்டுக்கொண்டுதான் நீட்டுவார். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ஸயா என்பார். ஸயா என்றால் பர்மிய மொழியில் ஆசான். வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்துப்போயிற்று.

நான் மதுரைக்காரன். 2004-இல் இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனை சி.டி. ஸ்கேன் இயந்திரம் வாங்கியபோது, அதைப் பராமரிக்க ‘அயல்நாட்டு நிபுணர்’ என்ற பெயரில் விசா வாங்கி வந்தேன். நிபுணர் என்பது எனக்கு நானே சூட்டிக்கொண்ட பட்டம். நம் ஊர் இன்டர்வியூவில் "இது தெரியுமா?" என்று கேட்டால், "கரைச்சுக் குடிச்சிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தேடுவோமே, அந்த வகை. இங்கே அது எடுபடாது. காலமெல்லாம் கார் இன்ஜின் பிரித்த மெக்கானிக்கைக் கேட்டாலும் "கொஞ்சம் தெரியும்" என்பார். கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கொஞ்சமும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயராகிவிடும்.

என் விசாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டுதோறும் அதை நீட்டிக்க, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று மருத்துவமனை சொல்ல வேண்டும். ஆனால் உள்ளூர் ஆளுக்கு நான் வேலையைச் சொல்லித்தரவும் வேண்டும். ஒழுங்காகச் சொல்லித்தந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த உள்ளூர் ஆள்தான் தங்கவேல் அண்ணன். ரங்கூனில் படித்த இன்ஜினியர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். மருத்துவமனையில் அவருக்கு கோ தேய்ன் வின் என்று பர்மியப் பெயர். நான் இல்லாமலே இயந்திரத்தைப் பிரித்துக் கோக்கும் அளவுக்கு அவர் தேறியிருந்த வருடம்தான் என் மனைவி கமலாவும் மகளும் இங்கே வந்து சேர்ந்தார்கள். மகளைப் பள்ளியிலும் போட்டாயிற்று. அவர்கள் இருவரின் விசாவும் என் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீட்டிப்புக்காக விசாரிக்க வந்த அதிகாரி சுற்றிவளைக்காமல், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அண்ணனிடம் கேட்டார். இந்த இந்தியர் போய்விட்டால் நீ சமாளிப்பாயா? அண்ணன் தலையைத் தாழ்த்தி, ஸயா இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். விசா கிடைத்தது. பபேடான் பகுதியில் ஒரு டீக்கடையில் அவரை உட்காரவைத்து, "எனக்காகப் பொய் சொன்னீங்கண்ணே, மறக்க மாட்டேன்" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். "என்னா பொய் ஸயா?" எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் அவருக்கு ஒரு வழி திறந்தது. எங்கள் முதலாளிகளுக்குப் பங்குள்ள சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் அதே இயந்திரத்துக்கு ஆள் தேடினார்கள். தேர்ந்த வல்லுநர்களுக்கு அங்கே தனி வேலை அனுமதி உண்டு, குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். அண்ணன் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எம்மவ டாக்டருக்குப் படிக்கணும்ங்குறா ஸயா. நான் படிச்சப்ப குடியுரிமைக்கு இந்தக் கலர் அட்டையெல்லாம் வரல. இப்ப எங்கள மாதிரி வெளிய இருந்து வந்த குடும்பத்து அட்டைக்கு அந்தப் படிப்பு கெடயாது. நீங்க வந்து பக்கத்துல உக்காரணும். ஸயாவ விட்டுட்டுத் தனியாப் போயி நிக்கிறது மரியாதை இல்லீங்க."

உட்கார்ந்தேன். எதிரே சிங்கப்பூரிலிருந்து வந்த பெண்மணி. ஓரத்தில் எங்கள் மேலாளர் டோ கின். என் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்: தனியாக இந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வீர்களா? அண்ணன் என் பக்கம் ஒரு முறை பார்த்து, தலையைத் தாழ்த்தி, அதே வாக்கியத்தைச் சொன்னார். ஸயா இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பெண்மணி பேனாவை மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. இன்று தனக்கு எதிராகவும் சொல்லவில்லை. பக்கத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தால் டோ கின்னும் கேட்டுவிடுவார். சிங்கப்பூரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு என் இடத்துக்கு உள்ளூர் ஆள் தயார். பயமாகத்தான் இருந்தது. மகளின் பள்ளிச் சீருடை கண்முன் வந்து போனது.

"அவருக்கு எல்லாம் தெரியும்" என்றேன். "போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது எக்ஸ்ரே குழாயையே மாற்றியவர். நான் வெளியே போகிறேன். இப்போது கேளுங்கள்."

தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்த அண்ணனின் முகம் வெளிறியிருந்தது. "ஏன் ஸயா எழும்பிப் போயிட்டீங்க? எம்மேல கோவமா?"

அவருக்கு வேலை கிடைத்தது. டோ கின் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனி உள்ளூரில் ஆள் இல்லை. நீங்கள் இருந்துதான் ஆக வேண்டும்." ரங்கூனில் பிறந்தவர் அங்கே நிபுணர், மதுரையில் பிறந்தவன் இங்கே நிபுணன். அண்ணனின் மனைவியும் மகளும் பின்னாலேயே போனார்கள். அண்ணனின் அப்பா மட்டும் வரமாட்டேன் என்று, பாலத்துக்கு அப்பால் தாகேதா பகுதியில் இருந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஞாயிறுகளில் அவரைப் பார்க்கப் போவேன். ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. "அங்க அவனுக்கு ஸயான்னு கூப்புட ஆளே இல்லையாம், போன்ல சொல்றான்" என்று சிரித்தவர், மகனின் கட்டிலில் புது விரிப்பைப் போட்டு, தலையணையைத் தட்டிவைத்தார். "சும்மாத்தான கெடக்கு. படுத்துட்டுக் காலையில போங்க ஸயா."

இங்கே வெளியாள் ஒரு வீட்டில் இரவு தங்கினால் வட்டார அலுவலகத்தில் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு அந்த அனுமதியும் கிடையாது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, விரிப்பை நீவிக்கொண்டிருந்த அவர் கை தானாகவே நின்றது. நான் வெளிநாட்டுக்காரன் என்பதை அவர் மறந்திருந்தார். எனக்கும்தான் மறந்திருந்தது.

மூலையில் கிடந்த மகனின் குடையை எடுத்து, இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு என்னிடம் நீட்டினார். நானும் முழங்கையைத் தொட்டுக்கொண்டே வாங்கினேன். இருட்டுவதற்குள் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று வேகமாக நடந்தேன். தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, திறந்திருந்த கதவு வழியே அவர் அந்தக் கட்டிலின் விரிப்பை மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.